மூடியைக் கழற்றினால் தெரியும் சங்கதி!

ஜோலார்பேட்டை என்றால் எல்லோருக்கும் ரயில்தான் ஞாபகம் வரும். 2019 ஜூலையில் சென்னை தாகத்தில் தவித்தபோது, 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை நிரப்பி முதல் ரயிலை அனுப்பி வைத்த ஊர். ஒரு பக்கம் ஏலகிரி மலை, இன்னொரு பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள். கடல் எங்கேயோ கிடக்கிறது. இந்த ஊரில், ஒரு டூவீலர் பட்டறையின் பின்கட்டில், மரச்சட்டத்தில் மாட்டி, அடிப்பாகத்தை டிரம் தண்ணீரில் முக்கி நிற்கிறது ஒரு படகு மோட்டார்! வாருங்கள், உள்ளே எட்டிப் பார்க்கலாம். இந்த வேடிக்கையைத் தவறவிடக் கூடாது.

மோட்டார் குளச்சல் பக்கத்துக்காரருடையது. ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அப்பா கடலுக்குப் போன வள்ளத்தின் மோட்டார் என்பதால் ஞாபகத்துக்கு எடுத்து வந்து வீட்டில் வைத்திருந்தார். 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், மண்ணெண்ணெயில் ஓடும் ரகம். இப்போது ஊரில் மருமகன் வள்ளம் எடுக்கிறார், மோட்டாரைக் கேட்கிறார். இழுத்துப் பார்த்தால் உயிர் வரவில்லை. கடற்கரையில் இதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் போன்றவர்கள் இந்த மோட்டார்களைப் பழுது பார்த்துப் பழுத்தவர்கள். ஜோலார்பேட்டையில் யாரிடம் போவது? ஆர்எக்ஸ் 100 வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்கிடம்தான்!

அதுதான் இதில் இருக்கும் குஷியான ரகசியம். மேல் மூடியைத் தூக்கினால் உள்ளே இருப்பது டூ ஸ்ட்ரோக். அதே பிளக், அதே காயில், அதே கார்ப்ரேட்டர். கிக்கருக்குப் பதில் இழுப்புக் கயிறு, செயினுக்குப் பதில் கீழே தண்ணீருக்குள் இறங்கும் நீண்ட தண்டு. "நம்ம வண்டிதான் சார், தலைகீழா நிக்குது" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தார் மெக்கானிக். கயிற்றின் பிளாஸ்டிக் கைப்பிடி உடைந்த இடத்தில் அவர் சுற்றிக் கட்டியிருப்பது தடித்த தோல் துண்டு. ஆம்பூர்ப் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? பிடித்து இழுத்துப் பார்த்தேன், என்ன சுகமான பிடி!

இழுக்கும் முன் சின்னச் சின்ன விஷயங்களைப் பார்க்க வேண்டுமாம். கியர் நியூட்ரலில் இருக்கிறதா? படகோட்டி கையில் மாட்டும் கயிற்றின் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா? அது கழன்றிருந்தால் எத்தனை இழுத்தாலும் கரண்ட் வராது. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தால் மோட்டார் ஓடத் தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் வராமல் திணறி நின்றுவிடும். குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பம்ப்பை அமுக்கினால் கெட்டியாக வேண்டும். தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. பாதிப் பேர் இதையெல்லாம் பார்க்காமல் தோள்பட்டை கழலும்வரை இழுக்கிறார்கள் என்பது அவருடைய அனுமானம். நம்பாமல் இருக்க முடியவில்லை.

அடுத்து கரண்ட். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை என்ஜின் பாடியில் அழுத்திப் பிடித்து, பிளக் துளையில் துணியை அடைத்துவிட்டு இழுத்தார். அப்படி அழுத்தாமல் இழுத்தால் பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் சிடிஐ யூனிட் கெட்டுவிடலாம். துணி அடைக்காவிட்டால் உள்ளிருந்து வரும் ஆவியில் தீப்பொறி பட்டுவிடலாம். பட்டறையின் அரை இருட்டில் நீலப்பொறி சொடுக்கியது. இத்தனை காலம் மூலையில் கிடந்த மோட்டாரில்! நான் கைதட்டிவிட்டேன். பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடச் சொல்லிவிட்டு மறுபடி இழுத்தார். விரலை உதைத்துத் தள்ளியது காற்று. கம்ப்ரஷனும் இருக்கிறது. அப்படியென்றால்?

பிளக்கை முகர்ந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். ஈரம், ஆனால் பெட்ரோல் வாசனை இல்லை. பழைய மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனை! கதையின் முடிச்சு அவிழ்ந்தது அங்கேதான்.

மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போலச் சட்டென்று ஆவியாகாது. குளிர்ந்த என்ஜினில் அதைக் கொண்டு தொடங்க முடியாது. அதனால்தான் இந்த ரக மோட்டார்களை பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் எண்ணெய்க் குழாயின் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். கரை சேரும் முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். அப்போதுதான் மறுநாள் விடிகாலை கார்ப்ரேட்டரில் பெட்ரோல் இருக்கும். கடைசியாக இதை நிறுத்தியவர் அவசரத்தில் அப்படியே நிறுத்திவிட்டார். இங்கே கொண்டுவரப் பார்சல் ஏற்றும்போது டேங்க்கைக் காலி செய்தவர்களும் கார்ப்ரேட்டரை மறந்துவிட்டார்கள்.

கார்ப்ரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினோம். அடியில் பழுப்பு நிறத்தில் பசை. மிதவை நகரவில்லை. ஜெட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஊசிமுனையளவு துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கிளீனரில் ஊறப்போட்டு, ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியால் மெதுவாகக் குத்தினார். இரும்புக் கம்பி கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் எண்ணெய்க் கணக்கு தப்பிவிடும். காற்றடித்து மறுபடி உயர்த்திப் பிடித்தபோது, ஆகா, உள்ளே ஒரு வெளிச்சப் புள்ளி! ஒரு மோட்டாரின் உயிர் அவ்வளவு சின்ன ஓட்டையில் இருக்கிறது என்பதை இதற்கு முன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

பெட்ரோல் விஷயத்திலும் ஒன்று சொன்னார். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களை அது கெடுக்கவும் செய்யும். அதனால் குழாய்களைப் புதிதாக மாற்றினார். புதுப் பெட்ரோல்தான் ஊற்றினார். ஆயில் மட்டும் வண்டிக்கு ஊற்றும் 2டி கிடையாது; தண்ணீரால் குளிரும் படகு மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி.

இந்த மோட்டார் வம்சத்துக்கே ஒரு காதல் கதை உண்டு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட், காதலி பெஸ்ஸுக்காக வெயிலில் ஏரி முழுக்கத் துடுப்புப் போட்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்தாராம்; அதற்குள் அது உருகிவிட்டதாம். அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் அவருடைய மோட்டார் என்பார்கள். 1909-இல் கம்பெனி தொடங்கினார்கள். கணக்கும் விளம்பரமும் பெஸ் பார்த்துக்கொண்டார். அந்தப் பெயரில் மோட்டார் தயாரிப்பு 2020-இல்தான் நின்றது. முதல் மோட்டாரில் இழுப்புக் கயிறுகூடக் கிடையாது; ஃப்ளைவீலில் இருந்த குமிழைக் கையால் சுற்றவேண்டும்.

கதை கிடக்கட்டும், படகு மோட்டார் கிளம்புவது விளையாட்டு இல்லை. இதே ரயில்பாதையில் அரக்கோணத்தில் இருக்கிறது தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன். வெள்ளத்தில் அவர்கள் இறக்கும் ரப்பர் படகுகளின் முதுகில் இருப்பதும் இந்த ஜாதிதான். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டதைப் பார்த்தவர்களுக்கு, கூப்பிட்டவுடன் கிளம்பும் மோட்டாரின் அருமை புரியும்.

சரி, கிளப்புவோமா? புரொப்பல்லரைக் கழற்றி வைத்தாகிவிட்டது, டிரம்மில் தண்ணீர் பம்ப்புக்கு மேலே நிற்கிறது. வறட்டு ஓட்டம் ஓடினால் உள்ளே இருக்கும் ரப்பர் இறக்கைகள் கருகிவிடும். சோக்கை இழுத்தார். கயிற்றை இழுத்தார். தும்மியது. இன்னொரு இழுப்பு. சோக்கைப் பாதி தள்ளி மறுபடி. வெண்புகை கக்கி, பட்டறையே அதிர, கிளம்பிவிட்டது! குளச்சல்காரர் "எப்பா!" என்றார், வேறு வார்த்தை வரவில்லை.

ஆனால் மெக்கானிக் உடனே நிறுத்திவிட்டார். பின்பக்கம் பீச்ச வேண்டிய தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வெளிவரும் துளையில் கம்பியை விட்டு நோண்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது களிமண். குளவிக் கூடு! கடல் மோட்டாருக்குள் ஜோலார்பேட்டைக் குளவி குடித்தனம் நடத்தியிருக்கிறது. மறுபடி கிளப்பியதும் பென்சில் கனத்தில் தண்ணீர் பீச்சியடித்தது. இருந்தாலும் பம்ப்பின் ரப்பர் இறக்கைகளை மாற்றியே தீரவேண்டும் என்று சொல்லிவிட்டார்; நாள்பட்ட ரப்பரை நம்பிக் கடலுக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை.

கடைசியில் கியர் ஆயில். அடித் திருகைக் கழற்றினால் பால் ஊற்றிய காபி நிறத்தில் இறங்கியது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சீல் தேய்ந்துவிட்டது. குளச்சலுக்குப் போன் போட்டு சீலும் ரப்பர் இறக்கையும் சொல்லியாகிவிட்டது. வந்ததும் மாட்டி, இந்த முறை கார்ப்ரேட்டரையும் வடித்துவிட்டுப் பார்சல் போடுவார்கள். மருமகன் தினமும் போன் பண்ணிக் கேட்கிறாராம்.