ஒரே வாரத்தில் 1,200 பேர் அவுட்... என்.எஃப்.எல் 'பிராக்டீஸ் ஸ்குவாட்' வாழ்க்கை எப்படி இருக்கும்?

ஆகஸ்ட் மாதக் கடைசி. அமெரிக்காவில் என்.எஃப்.எல் சீசன் தொடங்க இன்னும் சில நாள்கள்தான். காலையில் பயிற்சி மையத்துக்குள் நுழையும் ஒரு வீரரிடம் அணி ஊழியர் வந்து, "கோச் உன்னைப் பார்க்கணுமாம். ஐபேடையும் எடுத்துட்டு வா" என்கிறார். அணியின் ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அந்த ஐபேடில்தான் இருக்கும். அதைத் திருப்பிக் கேட்டால், வேலை போச்சு என்று அர்த்தம். இந்தச் செய்தியைக் கொண்டுவரும் ஊழியருக்கு அங்கே 'தி டர்க்' என்று பட்டப்பெயரே உண்டு. அவர் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று நினைக்காத இளம் வீரர் கிடையாது.

நாம் காலால் உதைத்து விளையாடும் ஃபுட்பால் இல்லை இது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தோடு முட்டி மோதி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். கோடிகள் புரளும் அந்த விளையாட்டில், டிவியில் முகம் காட்டாத ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

90-லிருந்து 53

என்.எஃப்.எல்-லில் மொத்தம் 32 அணிகள். கோடைக்காலப் பயிற்சி முகாமில் ஒவ்வோர் அணியும் 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். சீசன் தொடங்கும் முன் அது 53 ஆகக் குறைய வேண்டும். அதாவது, ஓர் அணிக்கு 37 பேர் வெளியே. 32 அணிகளுக்கும் பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 1,200 பேர்!

முதல் 40, 45 இடங்கள் யாருக்கு என்பது முகாமின்போதே ஓரளவு தெரிந்துவிடும். அடி மட்டத்தில் மிச்சமிருக்கும் சில இடங்களுக்குத்தான் அடிதடி. அந்த விளிம்பில் நிற்பவர்களை 'ரோஸ்டர் பபுளில்' இருப்பவர்கள் என்பார்கள். நீர்க்குமிழி மாதிரிதான், எப்போது உடையும் என்று தெரியாது.

இதில் கொடுமை என்னவென்றால், திறமை மட்டும் இங்கே தீர்ப்பு சொல்வதில்லை. அணி இரண்டு குவாட்டர்பேக் போதும் என்று நினைத்திருக்கும். திடீரென்று மூன்றாவது ஆளையும் வைத்துக்கொள்ள முடிவெடுத்தால், எந்தத் தப்பும் செய்யாத ஒரு ரிசீவருக்கு இடம் போய்விடும். கிக் அடிக்கும்போது ஓடிப் போய் எதிராளியை மடக்கும் 'ஸ்பெஷல் டீம்ஸ்' வேலையையும் சேர்த்துச் செய்யத் தெரிந்தவருக்கு, அவரைவிட நன்றாகப் பந்து பிடிப்பவரைத் தாண்டி இடம் கிடைக்கலாம்.

வெளியே போய், மறுநாள் உள்ளே

வேலை போனதோடு கதை முடிவதில்லை. நான்கு சீசனுக்குக் குறைவான அனுபவம் உள்ளவர்கள் 'வேவர்' என்ற பட்டியலுக்குப் போவார்கள். மறுநாள் மதியத்துக்குள் மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்டால், அந்த ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். யாரும் கேட்கவில்லை என்றால், அதன் பிறகுதான் பிராக்டீஸ் ஸ்குவாடுக்கு அழைப்பு வரும். பல நேரங்களில் கழற்றிவிட்ட அதே அணியே கூப்பிடும். நேற்று டாட்டா சொல்லிவிட்டு வந்த லாக்கர் அறைக்கு இன்று மறுபடியும் போய் நிற்க வேண்டும்.

முன்பு ஓர் அணிக்கு 10 பேர் என்று இருந்த பிராக்டீஸ் ஸ்குவாட், 2020-ல் கொரோனா காரணமாக 16 பேராகப் பெரிதானது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

எதிரணி மாதிரி நடிக்கும் வேலை

இவர்களின் தினசரி வேலை என்ன? கிரிக்கெட்டில் நெட் பௌலர்கள் செய்வதைப் போலத்தான். வரும் ஞாயிறு மோதப்போகும் எதிரணியைப் போல இவர்கள் விளையாடிக் காட்ட வேண்டும். இந்த வாரம் வேகமாக ஓடும் குவாட்டர்பேக்குக்கு எதிராக மேட்ச் என்றால், ஸ்குவாடில் ஒருவர் வாரம் முழுக்க அவரைப் போல ஓட வேண்டும். அடுத்த வாரம் வேறோர் ஆளாக மாற வேண்டும். தன் சொந்த ஆட்டத்தைக் காட்ட நேரம் குறைவு. ஆனால், கோச்கள் கவனிப்பது அதையும்தான்.

மீட்டிங், ஜிம், பயிற்சி எல்லாம் மெயின் அணிக்கு உள்ள மாதிரியே. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வித்தியாசம். சொந்த ஊர் மேட்ச் என்றால் ஓரமாக நின்று பார்ப்பார்கள். வெளியூர் மேட்ச் என்றால் பலர் வீட்டில் டிவி முன்னால்.

சம்பளம் நல்லாத்தானே இருக்கு?

2025 சீசனில் புதியவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 13,000 டாலர். நம் பணத்தில் சுமார் 11 லட்சம். 'அடேங்கப்பா' என்றுதான் தோன்றும். 18 வாரமும் தாக்குப்பிடித்தால் 2,34,000 டாலர். அதே ஆண்டில், மெயின் 53-ல் இருக்கும் அறிமுக வீரரின் குறைந்தபட்சம் 8,40,000 டாலர். பக்கத்துப் பக்கத்து லாக்கரில் உடை மாற்றும் இருவருக்கு இடையே மூன்றரை மடங்கு வித்தியாசம்!

பெரிய பிரச்னை அந்தத் தொகை இல்லை, 'தாக்குப்பிடித்தால்' என்ற வார்த்தைதான். இந்த ஒப்பந்தத்தை அணி எந்த நாளிலும் முடித்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமைகளில் வெளியாள்களை வரவழைத்து டெஸ்ட் வைப்பது அணிகளின் வழக்கம். அவர்களில் ஒருவர் பிடித்துப்போனால், ஸ்குவாடில் ஒருவர் கிளம்ப வேண்டும். ஒரு வருஷ வாடகைக்கு வீடு எடுப்பதா, ஹோட்டலிலேயே தங்குவதா, மனைவி குழந்தைகளைக் கூட்டிவரலாமா... எதற்கும் பதில் கிடையாது. இவர்களுக்குக் காலண்டர் என்றால் அடுத்த ஏழு நாள்தான்.

ஸ்குவாடில் கழியும் வாரங்கள், சீனியாரிட்டி கணக்கிலும் சேராது. மெயின் பட்டியலில் ஆறு மேட்ச் இருந்தால்தான் அது ஒரு சீசனாகக் கணக்கில் வரும்.

மேலே ஏற மூன்று வழி

முதல் வழி, ஒரு மேட்ச்சுக்கு மட்டும் மேலே அழைக்கப்படுவது. ஓர் அணி ஒவ்வொரு மேட்ச்சுக்கும் இரண்டு பேரை இப்படி ஏற்றலாம். அந்த வாரம் மெயின் வீரருக்கான சம்பளம் கிடைக்கும். மேட்ச் முடிந்ததும் மறுபடி ஸ்குவாடுக்கே திரும்ப வேண்டும். ஒருவருக்கு இந்த வாய்ப்பு சீசனில் மூன்று முறைதான். நான்காவது முறை வேண்டும் என்றால், 53-ல் சேர்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, சொந்த அணியே 53-க்கு உயர்த்துவது. மூன்றாவது, வேறோர் அணி தன் 53-க்குக் கொத்திக்கொண்டு போவது. அப்படிப் போனால் குறைந்தது மூன்று வாரச் சம்பளம் உறுதி. ஆனால், புது ஊர், புது ஐபேட், புது ஆட்டத் திட்டம். மூன்று வாரம் கழித்து என்ன என்பது மறுபடியும் கேள்விக்குறி.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இடம் காலியாவது பெரும்பாலும் யாருக்காவது அடிபடும்போதுதான். தினமும் சேர்ந்து சாப்பிடும், டிப்ஸ் சொல்லித் தரும் சீனியரின் முழங்கால் திரும்பிய நாள்தான், இவருக்கு நல்ல நாள். அந்தச் சந்தோஷத்தை வெளியே காட்டவும் முடியாது.

அழைப்பு வந்தபோது...

2020 நவம்பர் 29. டென்வர் ப்ராங்கோஸ் அணியின் குவாட்டர்பேக்குகள் யாருமே கொரோனா விதிகளால் ஆட முடியாத நிலை. பிராக்டீஸ் ஸ்குவாடில் ரிசீவராக இருந்த கெண்டல் ஹின்டன், கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஆடியவர் என்பதால் அவரை இறக்கினார்கள். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு எதிராக 9 முறை எறிந்ததில் ஒன்றுதான் சரியாகப் போய்ச் சேர்ந்தது. 3-31 என்று தோல்வி. ஆனாலும், ஒரு நாள் அவகாசத்தில் அந்த இடத்தில் நின்றதற்காகவே ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

ரஹீம் மோஸ்டர்ட்டின் கதை வேறு. 2015-ல் எந்த அணியாலும் டிராஃப்ட் செய்யப்படாதவர். ஆறு அணிகள் கழற்றிவிட்ட பிறகு, 2016 இறுதியில் சான் பிரான்சிஸ்கோ 49ers-ன் பிராக்டீஸ் ஸ்குவாடுக்கு வந்தார். தன்னைக் கழற்றிவிட்ட தேதிகளை எல்லாம் குறித்துவைத்து, ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்பும் எடுத்துப் பார்ப்பாராம். 2020 ஜனவரியில் கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிராக 220 கெஜம் ஓடி, நான்கு டச் டவுன் போட்டு, அணியை சூப்பர் பௌலுக்கே கூட்டிப்போனார்.

மோஸ்டர்ட் ஜெயித்தார் என்பதற்காக, மற்றவர்கள் உழைக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆறு அணிகள் வேண்டாம் என்றபோதும் அவரிடம் இருந்தது அதே வேகம்தான். இடம்தான் இல்லை. அடுத்த ஆகஸ்ட்டிலும் 32 அணிகளின் கதவுகளுக்கு வெளியே 1,200 பேர் நிற்பார்கள். அவர்களில் பலருக்கு அடுத்த நாள் மதியம் வரை செய்வதற்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கும், போனை சைலன்ட்டில் போடாமல் பார்த்துக்கொள்வது!