ரத்தத்தில் ஒரு டோக்கன் கருவி

ரத்தப் புற்றுநோய் என்றதுமே நம்மவர்கள் கையைப் பிசைந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதில் ஏ.பி.எல். என்று ஒரு வகை. முறையாக மருந்து கிடைத்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். செகந்திராபாத்தில் என் நண்பரின் மருமகனுக்கு அது வந்தபோது டாக்டர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, டிப்ளமோ படித்த ரயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன்.

நம் செல்களுக்குள் ஏற்பி என்னும் புரதங்கள் உண்டு. ஸ்டீராய்டு, தைராய்டு ஹார்மோன்கள் தத்தம் ஏற்பியில் பொருந்தினால்தான் வேலை நடக்கும். ஒற்றைப் பாதையில் ஒரு செக்‌ஷனின் டோக்கன் அடுத்த செக்‌ஷன் கருவியில் நுழையாதல்லவா, அதுபோல. வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாய்க் அமிலத்துக்கும் இதே குடும்பத்து ஏற்பி இருக்கிறது. 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்ளும்போது அந்த ஏற்பி கெடுகிறது. வெள்ளணுக்கள் முதிராமல், சிக்னல் கிடைக்காத கூட்ஸ் வண்டிகள் போல எலும்பு மஜ்ஜையில் தேங்குகின்றன.

1988இல் ஷாங்காய் டாக்டர்கள், அந்த அமிலத்தையே 24 பேருக்கு மருந்தாகக் கொடுத்த பலனை வெளியிட்டார்கள். செல்லைக் கொல்லாமல் முதிரவைக்கும் வைத்தியம்!

ஆனால் முதிரத் தொடங்கிய செல்களுக்கு ஊர் சுற்றும் தெம்பும் வந்துவிடுகிறது. கூட்டமாக நுரையீரலில் புகுந்தால் காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீரென எடை கூடுதல். நண்பரின் மருமகனுக்குப் பத்தாம் நாள் இப்படித்தான் ஆயிற்று. வீட்டார் சளி என்று நினைத்தார்கள். டாக்டர் உடனே டெக்ஸாமெதசோன் போட்டார். அதுவும் ஒரு ஹார்மோன் ஏற்பி வழியாகத்தான் வேலை செய்கிறது. ஓர் ஏற்பி கிளப்பிய வண்டிக்கு இன்னோர் ஏற்பி பிரேக்! அவர் இப்போது வேலைக்குப் போகிறார்.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் விக்ரம் மாத்யூஸ் குழுவினர் 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு ஆர்செனிக் ட்ரையாக்ஸைடைப் பிரதான மருந்தாகக் கொடுத்ததில், சுமார் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. கெட்டுப்போன அந்த ஏற்பியையே அது சிதைக்கிறது. நம் சித்தர்கள் சொன்ன வெள்ளைப் பாஷாணம்தான். அதற்காக யாரும் நாட்டு மருந்துக் கடைக்குக் கிளம்பவேண்டாம்.

வேலூர் என்றதும் காட்பாடிக்கு டிக்கெட் எடுக்கத் தோன்றும். பொறுங்கள். இந்நோயில் ஆரம்ப நாட்களின் ரத்தக்கசிவுதான் எமன். ஈறில் ரத்தம், அடிபடாமலே உடம்பில் நீலத்திட்டு என்றால் அன்றைக்கே ஹைதராபாதில் ரத்தநோய்ப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சந்தேகம் வந்தாலே, குரோமோசோம் முடிவுக்குக் காத்திராமல் டாக்டர்கள் ரெட்டினாய்க் அமிலத்தைத் தொடங்கிவிடுவார்கள். வேலூர் யோசனை பிறகு.