நமக்கு இனிப்பு, நாய்க்கு நஞ்சு

தீபாவளி அன்பளிப்புப் பெட்டிகளில் லட்டும் மைசூர்பாகும் இருந்த இடத்தை இன்று பெருமளவு சாக்லேட் பிடித்துக்கொண்டது. எம்முடன் பணிபுரியும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்கும் அத்தகைய பெட்டி ஒன்று வந்தது. இரவு ஒன்பது மணியளவில், அவர்கள் வளர்க்கும் 6 கிலோ எடையுள்ள பொமரேனியன் நாய் அதிலிருந்த அடர் சாக்லேட்டில் ஏறத்தாழ 50 கிராம் தின்றுவிட்டது. பின்னரும் அது வழக்கம்போல் வாலாட்டி விளையாடியதால், வீட்டார் கவலையின்றி உறங்கச் சென்றனர். விடியற்காலையில் அது நிலைகொள்ளாமல் அலைந்தது, வாந்தி எடுத்தது, கால்கள் நடுங்கின, நெஞ்சு படபடவென அடித்துக்கொண்டது.

இதற்குக் காரணம் கொக்கோவில் உள்ள தியோபுரோமின் என்னும் வேதிப்பொருள். காஃபினும் சிறிதளவு உடனிருக்கும். கொக்கோ மரத்துக்குத் தாவரவியலார் இட்ட பெயருக்குத் 'தெய்வங்களின் உணவு' என்று பொருள். இந்த நஞ்சின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது! மனித உடல் இப்பொருளை விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடலிலோ அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 17½ மணி நேரம் ஆகிறது. எனவே நேற்று தின்ற துண்டின் நிலுவை தீராமலே இன்றைய துண்டு கணக்கில் ஏறிவிடும்.

எவ்வளவு தின்றால் ஆபத்து? வங்கியில் பணிபுரியும் நமக்குக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் மனம் அமையும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சென்றால் வாந்தி, பேதி, மிகுதாகம் தோன்றலாம். 40 முதல் 50 மில்லிகிராம் வரை சென்றால் இதயம் பாதிக்கப்படும். 60 ஐ எட்டினால் வலிப்பு வரலாம். ஒரு கிராம் பால் சாக்லேட்டில் சுமார் 2 மில்லிகிராமும், அடர் சாக்லேட்டில் 5 மில்லிகிராமும், கொக்கோத் தூளில் 28 மில்லிகிராமும் இந்நஞ்சு உள்ளது. ஆகவே அந்த 6 கிலோ நாய்க்குத் தொல்லை தொடங்கப் பால் சாக்லேட் 50 கிராமுக்கு மேல் வேண்டும். அடர் சாக்லேட்டாயின் 20 கிராமுக்குச் சற்று மேலும், கேக்குக்காக வைத்திருக்கும் கொக்கோத் தூளாயின் 4 கிராமுமே போதும். வெள்ளைச் சாக்லேட்டில் இந்நஞ்சு மிகக் குறைவு. எனினும் அதன் கொழுப்பு வயிற்றைக் கெடுக்கும். உலர் திராட்சை கலந்தவையும், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையற்ற இனிப்புகளும் வேறு வகையில் நாய்க்குக் கொடியவை.

நம்மை ஏமாற்றுவது தொடக்க நேரத்து அமைதியே. அறிகுறிகள் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்திற்குள்தான் வெளிப்படும். சிகிச்சைக்கு உகந்த நேரமோ அதற்கு முந்தியது. தின்ற ஓரிரு மணி நேரத்திற்குள் கொண்டுசென்றால், கால்நடை மருத்துவர் வாந்தி எடுக்கச் செய்து நஞ்சின் பெரும்பகுதியை வெளியேற்றிவிட முடியும். அதன்பின் செயலூட்டப்பட்ட கரியும் கொடுப்பதுண்டு. காலம் கடந்துவிட்டால், முறிமருந்து இல்லாமையால், நரம்பு வழித் திரவம் ஏற்றி இதயத்துடிப்பையும் நடுக்கத்தையும் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். சிறுநீர்ப்பையில் தங்கும் நஞ்சு மீண்டும் இரத்தத்தில் கலப்பதால், நாய் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் அவசியம்.

வீட்டிலேயே உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்க வைப்போர் உண்டு. அதைச் செய்யவே கூடாது. மிகுதியான உப்பும் நாய்க்கு நஞ்சே. பாலோ மோரோ இதை முறிக்காது. மேலுறையை மட்டும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த வகை, எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்பவையே மருத்துவர் முதலில் கேட்பவை. நண்பர் உறையைக் குப்பையில் எறிந்துவிட்டு, மருத்துவமனையிலிருந்து வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்துத் தேடச் சொல்ல நேர்ந்தது.

இரண்டு நாள் சிகிச்சைக்குப் பின் நாய் பிழைத்து வீடு திரும்பியது. செலவுத் தொகை அவரைச் சற்றே திகைக்க வைத்தது. செல்லப்பிராணிகளுக்கான காப்பீட்டுத் திட்டங்கள் இப்போது நம் நாட்டில் கிடைக்கின்றன. அவற்றை வாங்குமுன், நஞ்சு உண்டதால் ஆகும் மருத்துவச் செலவு அதில் அடங்குமா, விலக்கப்பட்டுள்ளதா என்பதை ஒப்பந்த விதிகளில் படித்துப் பாருங்கள். நாயின் தடுப்பூசிச் சான்றுகளையும் மருத்துவமனை ரசீதுகளையும் அந்தக் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.