பாரசீக நாடகங்களில் விளிமரபு

காஞ்சிப் பட்டில் மின்னும் சரிகையின் பெயர், பொன்னைக் குறிக்கும் 'ஸர்' என்னும் பாரசீகச் சொல்லடியாகப் பிறந்தது. விண்ணப்பத்துக்கு நாம் வழங்கும் 'அர்ஜி'யும், மணவிழா அழைப்பில் பெயருக்கு முன் எழுதும் 'ஜனாப்' என்பதும் அரபியில் தோன்றிப் பாரசீகத்தின் வழியே நம்மை அடைந்தவை. இத்துணை உறவுடைய மொழியார் ஒருவரையொருவர் எவ்வாறு விளிக்கின்றனர்? அதனை அறிய ஈரானியத் தொலைக்காட்சி நாடகங்கள் நமக்குத் துணைசெய்கின்றன.

பாரசீகத்தில் 'தோ' என்பது நீ. 'ஷொமா' என்பது நீங்கள். வினைமுற்றும் அதற்கேற்ப மாறும். 'ரஃப்தீ' எனின் போனாய்; 'ரஃப்தீத்' எனின் போனீர்கள். 'ஷொமா' என்றே பேசிவந்த ஒருவர் சினத்தாலோ அன்பாலோ 'தோ' என்று மாறும்போது உறவே மாறிவிட்டதை, வேறு விளக்கமின்றியே அவையோர் உணர்வர்.

இராஜ் பெஸெஷ்க்ஸாத் எழுதிய 'தாயீ ஜான் நாப்பொலியோன்' என்னும் புதினம் 1973இல் வெளிவந்தது. நாஸெர் தக்வாயீ அதனை 1976இல் தொலைக்காட்சித் தொடராக்கினார். தலைப்பே ஒரு விளிதான். 'தாயீ' என்றால் தாய்மாமன் (நம் 'தாய்' என்னும் சொல்லோடு ஒலியொப்புமை தற்செயலே). 'ஜான்' என்றால் உயிர். தந்தையின் உடன்பிறந்தாரோ 'அமூ' எனப்படுவார். மாமனையும் சிற்றப்பனையும் வேறுபடுத்தும் நம் மரபு இங்கும் உண்டு. அத்தொடரில் வரும் பணியாளர் மஷ் காஸெம். 'மஷ்' என்பது 'மஷ்ஹதீ' என்பதன் குறுக்கம். மஷ்ஹத் நகருக்குப் புனிதப் பயணம் சென்று வந்தவர் என்பது பொருள். நம் ஊர்களில் வழங்கும் 'ஹாஜியார்' போன்றது இது.

பணிவு மொழியும் நோக்கத்தக்கது. 'நான்' என்னாது 'பந்தே' என்பர். அதன் பொருள் அடிமை. காஞ்சி வரதராசர் கோயிலில் வைணவப் பெரியோர் மொழியும் 'அடியேன்' நம் நினைவுக்கு வருகின்றதன்றோ! தாம் சொல்வதை 'அர்ஸ்' என்பர். அர்ஜிக்கும் அதுவே வேர். பிறர் சொல்வதை 'ஃபர்மூதன்', அதாவது ஆணையிடுதல், என்பர்.

இந்நாடகங்களை ஆங்கில வரிகளின் துணைகொண்டு காண்போர் இவற்றையெல்லாம் இழக்கின்றனர். ஆங்கிலத்தின் 'யூ' ஒன்றே எல்லாரையும் சமமாக்கிவிடுகிறது. 'அங்கிள்' மாமனையும் சிற்றப்பனையும் ஒன்றாக்கிவிடுகிறது. அவ்வரிகளிலிருந்து தமிழாக்கினால், தமிழில் இயல்பாகவே உள்ள மரியாதையும் உறவும் இடையில் தொலைந்துபோகும். ஆதலின் மொழிபெயர்க்க விழையும் மாணவர் மூலமொழியையே கற்க முற்படுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இத்துணை மரியாதை பேணும் பாரசீகரும் இறைவனை வேண்டும்போது 'தோ' என்றே விளிப்பர். நாமும் துஆவில் 'நீயே' என்கிறோம். நெருக்கமும் ஒருவகை மரியாதையே என்பதை இரு மொழிகளும் உணர்ந்துள்ளன.