ஒரே மரக்கோலை அளக்க நாலு கருவி எதுக்கு? வெர்னியர், ஸ்க்ரூ கேஜ் பின்னால் இருக்கும் கணக்கு

பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு யங் குணகம் பரிசோதனை நிச்சயம் நினைவிருக்கும். மர மீட்டர் ஸ்கேலை இரண்டு கத்திமுனைகள் மேல் படுக்க வைத்து, நடுவில் எடைதாங்கியைத் தொங்கவிட்டு, எடை கூடக் கூட ஸ்கேல் எவ்வளவு வளைகிறது என்று பார்க்க வேண்டும். அவ்ளோதான்.

ஆனால் இந்த ஒரு பரிசோதனைக்கு மேசையில் நாலு அளவிகள் இருக்கும். நீளத்துக்கு சாதாரண ஸ்கேல். அகலத்துக்கு வெர்னியர். தடிமனுக்குத் திருகு அளவி, அதாவது ஸ்க்ரூ கேஜ். வளைவைப் பார்க்க நகரும் நுண்ணோக்கி. "எல்லாத்தையும் ஒரே கருவியில அளந்தா என்ன?" என்று கேட்ட மாணவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கான பதிலில்தான் அளவியலின் பாதி இருக்கிறது.

முப்படி செய்யும் வேலை

யங் குணகத்துக்கான சூத்திரத்தில் தடிமன் மூன்றின் அடுக்காக வருகிறது. எனவே, தடிமனில் 1 சதவீதம் தப்பினால் விடையில் சுமார் 3 சதவீதம் தப்பும்.

தடிமன் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஸ்கேலில் அளந்தால் 1 மி.மீ. வரை முன்பின் ஆகலாம். 6-ல் 1 என்பது கிட்டத்தட்ட 17 சதவீதம். மூன்றால் பெருக்கினால் விடையில் 50 சதவீதம்! அதற்குப் பெயர் அளவீடு இல்லை, யூகம். வெர்னியரில் 0.1 மி.மீ. வரை பார்க்கலாம், பிழை 5 சதவீதத்துக்கு இறங்கும். திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பதால், அதில் பிழை அரை சதவீதம்தான்.

இப்போது மற்ற அளவுகளைப் பாருங்கள். கத்திமுனைகளுக்கு இடையிலான நீளம் 70 செ.மீ. அதுவும் சூத்திரத்தில் முப்படிதான். ஆனால் 700 மி.மீ.-ல் 1 மி.மீ. தப்பினால்கூட விடையில் வரும் பிழை 0.43 சதவீதம். அதனால் ஸ்கேலே போதும். அகலம் 25 மி.மீ., சூத்திரத்தில் ஒற்றைப்படியாக வருகிறது. வெர்னியரின் 0.1 மி.மீ. அங்கே தரும் பிழை 0.4 சதவீதம்.

0.43, 0.4, 0.5. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. இது தற்செயல் இல்லை. எந்த அளவு விடையை எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்று பார்த்துத்தான் கருவி தேர்வு செய்யப்படுகிறது. நீளத்தை மட்டும் லேசரால் அளந்துவிட்டு, தடிமனை ஸ்கேலால் அளந்தால் லேசருக்குச் செலவழித்த காசு தண்டம்.

ரெக்கார்டு நோட்டில் 'சரியான விடை' வருவதற்காகத் தடிமனைக் கொஞ்சம் 'அட்ஜஸ்ட்' செய்யும் பழக்கமும் இந்த முப்படியை நம்பித்தான் ஓடுகிறது. 0.1 மி.மீ. மாற்றினால் போதும், விடை 5 சதவீதம் நகர்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், மரத்தின் யங் குணகம் வகைக்கு வகை, ஈரப்பதத்துக்கு ஏற்ப மாறும். பக்கத்து பெஞ்சின் விடையோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்ற அவசியமே இல்லை.

வெர்னியரின் தந்திரம் கருவியில் இல்லை, கண்ணில்

வெர்னியர் அளவியில் முதன்மைக்கோல் சாதாரண மி.மீ. ஸ்கேல்தான். அதன் மேல் நகரும் வெர்னியர் கோலில், 9 மி.மீ. நீளத்தை 10 பிரிவாகப் பிரித்திருப்பார்கள். ஆக ஒரு பிரிவு 0.9 மி.மீ. முதன்மைக்கோலின் 1 மி.மீ.-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 0.1 மி.மீ. அதுதான் மீச்சிற்றளவு.

ஒரு கோலிக்குண்டின் விட்டம் 16.4 மி.மீ. என்றால், வெர்னியரின் பூஜ்ஜியம் 16-ஐத் தாண்டி 0.4 மி.மீ. தள்ளி நிற்கும். அடுத்த கோடு, தனக்கு முந்தைய மி.மீ. கோட்டிலிருந்து 0.3 தள்ளி. அதற்கடுத்தது 0.2, பிறகு 0.1. நாலாவது கோடு முதன்மைக்கோலின் 20-வது கோட்டோடு நேராகப் பொருந்திவிடும். நாலாவது பொருந்தியதால் 0.4. 'வெர்னியர் ஒன்றிப்பு' என்று மனப்பாடம் செய்தது இதைத்தான்.

சரி, 16-க்கும் 17-க்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று நேரடியாகவே கணித்தால் என்ன? அங்கேதான் கண் சொதப்பும். ஒரு மி.மீ. இடைவெளியைப் பத்தாக மனதில் பிரிப்பது கஷ்டம். ஆனால் இரண்டு கோடுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா, இல்லையா என்று சொல்வதில் மனிதக் கண் கில்லாடி. இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்கத் தேவையான இடைவெளியைவிடச் சுமார் 10 மடங்கு சிறிய விலகலைக்கூட அது கண்டுபிடித்துவிடும். பார்வை ஆய்வாளர்கள் இந்தத் திறனுக்கு வைத்த பெயரே 'வெர்னியர் அக்யூட்டி'. கண்ணால் முடியாத வேலையைக் கண்ணால் முடிகிற வேலையாக மாற்றித் தருகிறது இந்தக் கருவி.

இதைச் செய்தவர் பியர் வெர்னியே. இன்றைய பிரான்சின் ஆர்னான் ஊர்க்காரர். 1631-ல் பிரஸ்ஸல்ஸில் வெளியிட்ட நூலில் இந்த அமைப்பை விளக்கினார். அவர் யோசித்தது கோலிக்குண்டுக்காக அல்ல, கோணங்களை அளக்கும் கருவிக்காக. அவருக்கு முன்பே போர்ச்சுகலின் பெட்ரோ நூனெஸ் வேறு ஒரு வழியில் இதே பிரச்சினையைத் தீர்க்க முயன்றிருந்தார். ஜெர்மானியர்கள் இன்றும் வெர்னியரை 'நோனியஸ்' என்று அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

திருகு அளவியின் 'டிக் டிக்'

திருகு அளவி வேறு ரூட். திருகை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது முன்னே நகர்வது 1 மி.மீ. தலைக்கோலில் 100 பிரிவுகள். ஒரு பிரிவு நகர்ந்தால் 0.01 மி.மீ. அந்த உருளையின் விட்டம் 15 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 47 மி.மீ. அதாவது கண்ணுக்கே தெரியாத 0.01 மி.மீ. நகர்வு, தலைக்கோலில் கிட்டத்தட்ட அரை மி.மீ. ஆகப் பெரிதாகித் தெரிகிறது. பாரிஸைச் சேர்ந்த பால்மர் 1848-ல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்று பள்ளி ஆய்வகத்தில் இருப்பதற்கு மூதாதை.

திருகின் கடைசியில் இருக்கும் ராட்செட்டைப் பலர் கண்டுகொள்வதில்லை. உருளையைப் பிடித்து நேரடியாக இறுக்கினால் மெல்லிய கம்பி நசுங்கும், அளவு குறைந்து வரும். ராட்செட்டைத் திருகினால், குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் 'டிக் டிக்' என்று வழுக்கிவிடும். யார் அளந்தாலும் ஒரே அழுத்தம் என்பதற்கு அதுதான் உத்தரவாதம்.

மைனஸா, பிளஸ்ஸா?

இவ்வளவு நுட்பமும் ஒரே இடத்தில் கவிழும்: சுழிப்பிழை. இரு முனைகளும் ஒன்றையொன்று தொடும்போது கருவி பூஜ்ஜியம் காட்ட வேண்டும். பழைய கருவிகள் பெரும்பாலும் காட்டாது.

2018 நீட் தேர்வில் இது நேரடியாகவே வந்தது. எஃகுக் குண்டு ஒன்றின் விட்டத்தைத் திருகு அளவியில் அளக்கிறார் ஒரு மாணவர். மீச்சிற்றளவு 0.001 செ.மீ., முதன்மை அளவு 5 மி.மீ., வட்டக்கோலில் 25 பிரிவுகள், சுழிப்பிழை மைனஸ் 0.004 செ.மீ. கருவி காட்டுவது 0.525. சரியான விடை 0.529 செ.மீ. மைனஸ் என்று பார்த்ததும் கழித்தவர்களுக்கு 0.521 வரும். அதுவும் விருப்பங்களில் இருந்தது. பிழையைக் கண்டுகொள்ளாதவர்களுக்கு 0.525, அதுவும் இருந்தது. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. ஒரு குறி மாறினால் 5 மதிப்பெண் வித்தியாசம்.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வீட்டு எடை மெஷினில் யாரும் ஏறாதபோதே 2 கிலோ காட்டினால், ஏறியபின் 2-ஐக் கழிப்போம். மைனஸ் 1 காட்டினால், 1-ஐக் கூட்டுவோம். இங்கேயும் அதே லாஜிக்.

பள்ளியில் போவது 5 மதிப்பெண். 1990-ல் விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கிக்குப் போனது மூன்று ஆண்டுகளின் கூர்மை. அதன் 2.4 மீட்டர் கண்ணாடியின் விளிம்பு, இருக்க வேண்டியதைவிடச் சுமார் 2.2 மைக்ரான் தட்டையாகச் செதுக்கப்பட்டிருந்தது. செதுக்கும்போது வடிவத்தைச் சரிபார்த்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்ததுதான் காரணம். கருவி மிக நுட்பமானது, ஒவ்வொரு முறையும் அதே விடையைக் கொடுத்தது. ஆனால் அதே தப்பான விடை. பாடப்புத்தகம் நுட்பம் வேறு, துல்லியம் வேறு என்று பிரித்துச் சொல்வது இதைத்தான். இன்னும் கொடுமை, வேறு சோதனைக் கருவிகள் முரண்பட்ட அளவைக் காட்டியும், 'அவை இந்த அளவுக்கு நுட்பமானவை அல்ல' என்று ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய்த் திருத்தும் ஒளியியலைப் பொருத்தினார்கள்.

டிஜிட்டல் வந்தாச்சே?

ஆன்லைனில் டிஜிட்டல் காலிபர் எளிதாகக் கிடைக்கிறது. திரை 0.01 மி.மீ. வரை காட்டும். ஆனால் நல்ல பிராண்ட் காலிபர்களுக்கே துல்லியம் பொதுவாக 0.02 மி.மீ. முன்பின் என்றுதான் குறிப்பிட்டிருக்கும். கடைசி இலக்கம் திரையில் தெரிகிறது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிட முடியாது. பூஜ்ஜியம் பட்டனும் ஒரு பொறிதான். தாடைகளுக்கு நடுவில் தூசு இருக்கும்போது அழுத்தினால் அந்தத் தூசின் தடிமன் அடுத்து வரும் ஒவ்வொரு அளவிலும் ஒட்டிக்கொள்ளும். வெர்னியரிலாவது பிழை கண்ணுக்குத் தெரியும், இங்கே திரை 0.00 என்று சிரிக்கும்.

காலிபர் வாங்கியவர்கள் வீட்டில் உடனே செய்து பார்க்கக்கூடிய ஒன்று, வளையல் சைஸ். மேல்நோக்கிய சின்னத் தாடைகள் உள்விட்டம் அளக்கத்தான் இருக்கின்றன. கடையில் '2.4 சைஸ்' என்றால் 2.4 அங்குலம் இல்லை, 2 அங்குலமும் 16-ல் 4 பங்கும். மி.மீ. கணக்கில் சுமார் 57.2. அதைத் தசமம் என்று நினைத்து 25.4-ஆல் பெருக்கினால் 61 மி.மீ. வரும். அது 60.3 மி.மீ. கொண்ட 2.6 சைஸையும் தாண்டிவிடும். ஆன்லைனில் இப்படிக் கணக்குப் போட்டு ஆர்டர் செய்தால், வரும் வளையல் கையை விட்டு நழுவும்.