திரைக்குப் பின்னே யார்?

படம் பார்த்தோம், கைதட்டினோம், வீடு திரும்பினோம். அத்துடன் முடிந்ததா? இல்லை தோழர்களே! திரைக்குப் பின்னே இருப்பது யாருடைய பணம், யாருடைய பிடி என்று கேட்டார் ஜப்பானிய விமர்சகர் இவாசாகி அகிரா. 'சினிமாவும் முதலாளித்துவமும்' என்பது 1931-இல் வந்த அவரது நூல். அதற்கு முன்பே, 1930-இல், அவரது கட்டுரையொன்றைச் சீனத்தில் பெயர்த்தளித்தார் பேரெழுத்தாளர் லூ சுன்.

1939-இல் வந்தது திரைப்படச் சட்டம். படமெடுக்கும் முன்பே கதை வசனத்தை அரசிடம் காட்டி அனுமதி பெறவேண்டுமாம்! அடங்கினர் பலர், எதிர்த்து எழுதினார் இவாசாகி. 1940-இல் அவரைச் சிறையில் தள்ளினர்.

பீரங்கி வைத்திருந்தோர் பேனாவுக்கு அஞ்சினர்! ஏன்? ரசிகன் சிந்திக்கத் தொடங்கினால் ஆதிக்கக்காரரின் ஆட்டம் நிலைக்காது. 1945-இல் வீழ்ந்தது போர்வெறி ஆட்சி. ஒழிந்தது அந்தச் சட்டம். பேனாவோ மீண்டும் எழுதிற்று!

கொட்டகைக்குப் போங்கள், கேள்வியையும் உடன் கொண்டு போங்கள்!