மெஷினுக்குத் தெரியாது... நீங்கள்தான் சொல்லணும்!

மாம்பழ சீஸன். தர்மபுரி பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மா, பழம் நறுக்கிய கையோடு சுகர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்பர் எகிறுகிறது. வீடே பதறுகிறது. ‘இவ்வளவு சுகரா? மாத்திரையைக் கூட்டிடலாமா?’

பொறுங்கள்! விரலில் ஒட்டிய பழச்சாறுகூட நம்பரை ஏற்றிக் காட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி பாருங்கள். பழம் நறுக்கிய விஷயம் மெஷினுக்குத் தெரியாது. அந்த அம்மாதான் சொல்லவேண்டும். நாமும் கேட்கவேண்டும்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. அதிலிருந்து பி.பி., சுகர் மெஷின்கள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. சொந்தமாக வாங்கி வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால், ‘இது உங்களுக்குச் சரிப்பட்டு வருதா?’ என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

கொரோனா சமயத்தில் விரலில் மாட்டினோமே, ஆக்ஸிஜன் மீட்டர்... அது கறுப்பின நோயாளிகள் சிலருக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டியதை 2020-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிப்படுத்தியது. நம்பர் நன்றாக இருந்தாலும் மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது இதில் நமக்குப் பாடம்.

வீட்டுப் பெரியவர்களிடம் இதையெல்லாம் கேளுங்கள்:

* நம்பர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதா?

* பி.பி. பட்டை கைக்குச் சரியாக இருக்கிறதா? சின்னதாக இருந்தால் பி.பி. அதிகமாகக் காட்டும்.

* 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகுதான் பார்த்தீர்களா?

* சுகர் ஸ்டிரிப் டப்பாவை இறுக்கி மூடினீர்களா? தேதி தாண்டிவிட்டதா?

பதில்களை ஒரு நோட்டில் குறித்து, வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது மெஷினையும் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். நம்பரை மட்டும் நம்பி மாத்திரையை நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இந்த மெஷின்கள் 2021 ஜனவரி 1 முதல் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்க மத்திய அரசு 2015-லேயே தனித் திட்டம் தொடங்கியது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். நீங்கள் இன்று சொல்லும் குறை, நாளை இன்னொரு வீட்டில் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

இன்று சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்களேன்... ‘இந்த மெஷின்ல உனக்கு என்னம்மா கஷ்டம்?’